அம்சவேணி வெளியேறினார்

மறைக்காதீங்க சார், நான் ஒண்ணும் பார்க்கலை. பக்கத்துல உக்காந்திருந்தா கண்ணு தானா போகத்தான் செய்யும். உங்க தம்பி வீட்டுல ஏதோ வளைகாப்பாம், சேலை எடுக்கணுமாம், அவ்வளவுதான் கண்ணுல பட்டுச்சு. அதுக்குப் போய் போனைக் கவுத்து மடியில வச்சுக்கறீங்க. வளைகாப்பு என்ன ராணுவ ரகசியமா?

கோவிச்சுக்காதீங்க. உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லை. அந்த மஞ்சக் கட்டம் இருக்கு பாருங்க, அது மேலதான் கோவம். புதுசா யார்கூடப் பேச ஆரம்பிச்சாலும் பூட்டுப் படம் போட்டுக்கிட்டு மேல வந்து நிக்குமே, அது. இந்தப் பேச்சுக்கு வெளியில இருக்கற யாராலயும் இதைப் படிக்க முடியாது, வாட்ஸப்காரனாலகூட முடியாதுன்னு. என்கிரிப்ஷனாம். நீங்க அனுப்பறது உங்க போன்லயே குழம்பிப் போயிடுமாம். வழியில யார் பிடிச்சுப் பார்த்தாலும் வெறும் கிறுக்கலாத்தான் இருக்குமாம். போய்ச் சேர்ற போன்ல மட்டும்தான் மறுபடி எழுத்தாகுமாம். எனக்கு அதெல்லாம் தெரியும் சார், நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டையர் ஆனவன். நல்ல விஷயந்தான். திருடன் படிக்கக் கூடாது, சரி. போலீஸ்காரன் படிக்கக் கூடாது, சரி. வெளிநாட்டுக்காரன் படிக்கக் கூடாது, ரொம்பச் சரி. கட்டின புருஷன்? புருஷன் எப்ப சார் வெளியாளானான்?

சொல்றேன். பொள்ளாச்சி இப்பத்தான் தாண்டியிருக்கு, நேரம் இருக்கு. நீங்க ஒட்டன்சத்திரம்னுதானே டிக்கெட் வாங்கினீங்க? நான் திண்டுக்கல்.

நான் டிரங்க் ஆபரேட்டரா வேலைக்குச் சேர்ந்தவன். உங்க வயசுக்கு அது தெரியாது. வெளியூருக்குப் பேசணும்னா எங்ககிட்டச் சொல்லிட்டுக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். நாங்க ஒயரை எடுத்து ஓட்டையில சொருகி லைன் குடுப்போம். சரியாக் கேக்குதான்னு நடுவுல காதைக் குடுத்துப் பார்க்கணும், அது டியூட்டி. அப்படிப் பார்த்தா ஊர்ல பாதிப் பேர் கதை என் காதுக்குள்ள இருக்கு. ஒரு வார்த்தை வெளியே விட்டிருப்பேனா? எங்க ஊர்ல ஒரு நகைக்கடைக்காரர், பேர் சொல்ல மாட்டேன், பஜாருக்குள்ள நுழைஞ்சா வலது கைப் பக்கம் ரெண்டாவது கடை, அவருக்குச் சேலத்துல இன்னொரு குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாம லைன் கேப்பார். இன்னிக்கு வரைக்கும் அதை நான் ஒருத்தர்கிட்டச் சொன்னதில்லை. என் தங்கச்சிகிட்டச் சொல்லியிருப்பேன், என் மச்சினர்கிட்டச் சொல்லியிருப்பேன். அது வீட்டாளுங்க. அப்படிப்பட்ட மனுஷன்கிட்ட ரகசியம் தங்காதுன்னு ஒருத்தி சொன்னா எப்படி இருக்கும்? அதுவும் கட்டின பொண்டாட்டி?

என் சம்சாரம் பேரு அம்சவேணி. ஒரே பொண்ணு, சுபாஷினி. கோயமுத்தூர்ல பம்ப்செட் கம்பெனியில டிசைன் இன்ஜினியர். இன்னும் கல்யாணம் ஆகலை, பார்த்துக்கிட்டிருக்கோம். அவளைப் பார்த்துட்டுத்தான் இப்ப வர்றேன். அவளையும் அவ அம்மாவையும்.

எங்க குடும்பத்துக்குன்னு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கு. ‘குடும்ப விழுதுகள்’. நான்தான் ஆரம்பிச்சேன், நான்தான் அட்மின். ரெண்டு பக்கச் சொந்தமும் அதுல இருக்கு, துபாய்ல இருக்கற பயலுக வரைக்கும். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போச்சு, யாருக்கு வரன் தட்டிப் போச்சு, எதுவா இருந்தாலும் முதல்ல நான்தான் போடுவேன். சொந்தம்னா அதுக்குத்தானே சார்? முன்னாடி அம்சவேணிக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க. தியேட்டர்ல இருந்து ஸ்ட்ரெச்சர்ல வெளிய கொண்டு வந்ததும் போட்டோ எடுத்து, என்னத்த எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்கன்னு விவரமா எழுதிப் போட்டேன். எத்தனை பேர் கை கூப்பினாங்க தெரியுமா? கும்புடு பொம்மையாவே வந்து குவிஞ்சுது.

அதுக்கப்புறம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில உக்காந்திருக்கோம். என் மச்சினரோட பங்காளி ஒருத்தர், நல்ல பெரிய மனுஷன், எதிர்வரிசையில இருந்து, “என்னம்மா, எடுத்ததுக்கு அப்புறம் அந்தப் போக்கெல்லாம் நின்னுருச்சா?”ன்னு கேட்டார். அக்கறையாக் கேட்டார் சார். இவ இலையை மூடிட்டு எழுந்திரிச்சுட்டா. பாயசம் அப்பத்தான் வருது. வீட்டுக்கு வந்து என்னடின்னு கேட்டா, வயிறு சரியில்லைங்கறா. அவர் மனசு வருத்தப்படக் கூடாதேன்னு, வயிறு சரியில்லாமத்தான் எழுந்திரிச்சான்னு அதையும் குரூப்ல போட்டுட்டேன். இப்படி ஒவ்வொண்ணையும் நான்தான் சமாளிக்கணும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

இந்த வருஷம் ஆடியில ஆரம்பிச்சுது. அம்சவேணி போன் எப்பவும் பிரிட்ஜ் மேல கிடக்கும். பூட்டு கிடையாது. யார் வேணா எடுத்துப் பேசலாம். ஒரு நாள் கரன்ட் ஆபீஸ் நம்பர் அதுலதான் இருக்குன்னு எடுக்கறேன், விரல் கேக்குது. என் விரலை வச்சேன். உர்ருன்னு ஆடுது. திரும்பவும் வச்சேன். திரும்பவும் ஆடுது.

“என்ன இது?”ன்னேன்.

“சுபா போட்டுக் குடுத்தா. போன்ல திருட்டு ஜாஸ்தியாயிடுச்சாம்”னா.

“அப்ப என் விரலையும் அதுல சேரு.”

“எனக்குச் சேர்க்கத் தெரியாதுங்க.”

திருட்டு ஜாஸ்தியாயிடுச்சு, எல்லாரும் போனைப் பூட்டி வைங்கன்னு குரூப்ல தினமும் போட்டதே நான்தான் சார். எனக்கே திருப்பிச் சொல்றா.

அன்னையிலருந்து கவனிச்சேன். போனைக் கையோட வச்சுக்கறா. குளிக்கப் போறப்பகூட எடுத்துட்டுப் போறா. சுபாகூட ஏதோ டைப் பண்றா. முன்னாடியெல்லாம் அவளுக்கு டைப் பண்ணவே வராது, எதுவா இருந்தாலும் பேசித்தான் அனுப்புவா. குரலை நான் கேட்டுருவேன்னு எழுத்துக்கு மாறியிருக்கா. கூடத்துல நான் பின்னாடி நின்னு எட்டிப் பார்த்தேன். மக பேரு மேல இருக்கு, கீழே ஒண்ணுமே இல்லை. துடைச்சு வச்ச பலகை மாதிரி. நடுவுல மட்டும் ஒரு வரி, மெசேஜெல்லாம் ஒரு நாள் இருந்துட்டுத் தானா மறைஞ்சுடும்னு. ஆத்தாளும் மகளும் பேசறது தானா அழியணுமாம்! நான் எக்ஸ்சேஞ்சுல எத்தனையோ கள்ளத்தனத்தைக் கேட்டிருக்கேன், தானா அழியறதைப் பார்த்ததில்லை.

சுபாவுக்குப் போனைப் போட்டேன். “அம்மாவும் நீயும் என்ன மறைக்கறீங்க?”

“ஒண்ணும் இல்லைப்பா.”

“ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு அழியற மாதிரி வச்சிருக்கீங்க?”

“அப்பா, அது அம்மாவுக்கும் எனக்கும் உள்ள பேச்சு. உங்களுக்குச் சொல்ல வேண்டியதை அம்மா சொல்லுவாங்க, அவங்களா சொல்றப்ப.”

அவங்களா சொல்றப்ப! நான் என்ன தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுத்துட்டு நிக்கறேனா?

எனக்கு என்னென்னவோ தோணுச்சு சார். பொண்ணு எவனையாவது பிடிச்சுட்டாளோ. இல்லை, இவ அப்பன் வீட்டு மனையை எனக்குத் தெரியாம அண்ணன்காரனுக்கு எழுதிக் குடுக்கப் போறாளோ. வேலையும் ஓடலை. கடைவீதியில இஸ்மாயில்னு ஒருத்தன் மொபைல் கடை வச்சிருக்கான். இவ கோயிலுக்குப் போயிருந்தப்ப போனை விட்டுட்டுப் போயிட்டா, எடுத்துக்கிட்டு ஓடினேன். “திற”ன்னேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இது அம்மா போன் மாதிரி இருக்கே சார்”னான். “ஆமா, அதுக்கென்ன?” “அவங்க விரல் வேணும் சார். இல்லைன்னா உள்ளே இருக்கறது அத்தனையும் அழிச்சாத்தான் திறக்கும். அழிக்கவா?” அவன் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. பிடுங்கிக்கிட்டு வந்துட்டேன்.

விரல்தானே வேணும். விரல் வீட்டுல இருக்கு.

மத்தியானம் சாப்பிட்டுட்டு அவ கொஞ்ச நேரம் படுப்பா. கூடத்துல பாயைப் போட்டு, வலது பக்கமா ஒருக்களிச்சு. அன்னிக்கும் படுத்தா. ஃபேன் சத்தம் மட்டும்தான். நான் பக்கத்துல குத்த வச்சு உக்காந்தேன். போனை எடுத்து, அவ கையைப் பிடிச்சுத் தூக்கி, கட்டை விரலை வச்சேன். ஆடுச்சு. ஏத்துக்கலை. பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு விரல் வெடிச்சுக் கிடக்கு, ரேகையே தெரியலை. என் துண்டுல நல்லாத் துடைச்சேன். மறுபடி வச்சேன். ஆடுச்சு. வாயால ஊதி ஈரத்தைக் காய வச்சு, லேசா அழுத்திப் பிடிச்சேன். திறந்துருச்சு.

அந்தக் கையை நான் பிடிச்சு எத்தனை வருஷம் இருக்கும்னு அப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. வந்துட்டுப் போயிருச்சு. அதுக்கா நேரம்?

சுபா பேரைத் தொட்டேன். அன்னிக்குக் காலையில பேசினது மட்டும் அழியாம இருந்துச்சு. மக அனுப்பியிருக்கா: ‘திங்கள்கிழமை ரிசல்ட் வந்துரும்மா. பயப்படாதே. அப்பாகிட்டச் சொல்லலையே?’ இவ பதில் போட்டிருக்கா: ‘இல்லை. சொன்னா குரூப்ல போட்டுருவார்.’

சொன்னா குரூப்ல போட்டுருவார். படிச்சதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிருச்சு சார். என்ன ரிசல்ட்டுன்னு யோசிக்கக்கூடத் தோணலை. அந்த ரெண்டாவது வரிதான் கண்ணுக்குள்ள நிக்குது. என்னை என்னன்னு நினைச்சுட்டா இவ? தண்டோரா போடறவன்னா?

நான் என்ன பண்ணினேன்னா, என் போனை எடுத்து குரூப்ல போட்டேன். நியாயம் கேக்க வேண்டாமா? ‘அம்சவேணியும் சுபாஷினியும் ஏதோ ஒரு ரிசல்ட்டை என்னிடம் மறைக்கிறார்கள். என்ன ரிசல்ட் என்று விவரம் தெரிந்தவர்கள் தெரிவிக்கவும்.’ நல்ல தமிழ்ல, மரியாதையாத்தான் போட்டேன்.

அஞ்சு நிமிஷத்துல என் தங்கச்சி வளர்மதி கூப்பிடறா. “அண்ணே, கல்யாணமாகாத பொண்ணு. ஆத்தாளும் மகளும் சேர்ந்து ஒளிக்கிற ரிசல்ட்டுன்னா வேறென்னவா இருக்கும்?”ங்கறா. இவளே இப்படி நினைச்சா மத்தவங்க என்ன நினைப்பாங்க? உடனே இன்னொண்ணு போட்டேன்: ‘ரிசல்ட் என்றால் அந்த ரிசல்ட் இல்லை. என் மகள் அப்படிப்பட்டவள் இல்லை. யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.’ மகளுக்காகத்தான் சார் போட்டேன்! அதுக்கப்புறம்தான் போன் மேல போன். அதுவரைக்கும் நினைக்காதவங்களும் நினைச்சுட்டாங்களாம். பேசிக்கிட்டிருந்த ஒரு வரன், பையனோட சித்தி அந்த குரூப்ல இருக்கா, ஜாதகத்தை மறுபடி பார்த்தோம், சரி வரலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவங்க புத்தி அவ்வளவுதான்.

அம்சவேணி எழுந்திரிச்சு வந்தா. போனை எடுத்துப் பார்த்தா. நின்னபடியே முழுசும் படிச்சா.

“என் போனைத் திறந்தீங்களா?”

“ஆமா.”

“எப்படி?”

“உன் விரலை வச்சுத்தான். தூங்கிக்கிட்டிருந்தே.”

நான் ஒண்ணும் பொய் சொல்லலை பாருங்க. நேராச் சொன்னேன். அவ சண்டை போடுவான்னு பார்த்தேன். போட்டிருந்தா நானும் கேட்டிருப்பேன். அவ அந்தக் கட்டை விரலைப் பார்த்தா. அப்புறம் அடுப்படிக்குப் போயி குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, அந்த ஒரு கையை மட்டும் கழுவினா. ரொம்ப நேரம் கழுவினா. நான் என்ன சாக்கடையவா தொட்டேன்?

கொஞ்ச நேரத்துல என் போன்ல வந்துச்சு. ‘அம்சவேணி வெளியேறினார்.’ அதுக்குக் கீழேயே, ‘சுபாஷினி வெளியேறினார்.’ அட்மின் நான், என் வீட்டு ஆளுங்க ரெண்டு பேரும் என் குரூப்ல இருந்து வெளியேறிட்டாங்க. அத்தனை சொந்தமும் பார்க்க. அவமானம் யாருக்கு?

மறுநாள் காலையில ஒரு பையில நாலு சேலையை வச்சுக்கிட்டு, “சுபாகிட்டப் போயிட்டு வர்றேன்”னா. “எப்ப வருவே?”ன்னேன். “சொல்றேன்”னா. அவ்வளவுதான். நானும் போடீன்னு விட்டுட்டேன். ரெண்டு நாள்ல வந்துருவான்னுதான் நினைச்சேன்.

வரலை. போன் பண்ணினா போகலை. மெசேஜ் போட்டா ஒத்தை டிக். போட்டோ இருந்த இடத்துல சாம்பக் கலர்ல பொம்மை. ரெண்டு பேரும் பிளாக் பண்ணியிருக்காங்க. இஸ்மாயில்கிட்டப் போயி எடுத்துவிடுடான்னா, “பிளாக் பண்ணினது அவங்க பக்கம் சார், இங்கருந்து ஒண்ணும் செய்ய முடியாது”ங்கறான். சுபா ஆபீசுக்குப் பண்ணினா மேடம் லீவுங்கறாங்க. அவ புது வீடு மாறியிருந்தா, அட்ரஸ்கூட எனக்குத் தெரியாது. ஆவணி போச்சு. புரட்டாசி வந்துருச்சு. குரூப்ல எல்லாரும் அண்ணி எங்க, அத்தை எங்கங்கறாங்க. மத்தவங்க வீட்டு விவரமெல்லாம் தெரிஞ்சவன்கிட்ட என் வீட்டு விவரம் இல்லை. எப்படி இருக்கும் சார்?

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஏதோ புது நம்பர்ல இருந்து சுபா பேசினா. படிச்சு வச்ச மாதிரிச் சொன்னா. “அப்பா, அம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. இடது மார்புல கட்டி இருந்துச்சு. கேன்சர்தான். ஆரம்பத்துலயே பார்த்துட்டோம், எடுத்துட்டாங்க. நல்லா இருக்காங்க. இனிமே மருந்து ஏத்தணும், கரன்ட் வைக்கணும். அதுவரைக்கும் இங்கதான் இருப்பாங்க.”

நான் கத்தினேன் சார். என்ன கத்தினேன்னு முழுசா ஞாபகம் இல்லை. “எந்த ஆஸ்பத்திரி? எந்த டாக்டர்? எல்லாரும் கேட்டா நான் என்னடி பதில் சொல்றது?” இது ஞாபகம் இருக்கு. ஏன்னா அதுக்கு அவ, “எல்லாரும் கேக்கறதுதான் உங்களுக்குக் கவலையாப்பா?”ன்னு கேட்டுட்டு வச்சுட்டா.

அடுப்படிக்குப் போனேன். அவ கழுவிக் கவுத்து வச்சுட்டுப் போன குக்கர் அப்படியே இருந்துச்சு. நான் ஓட்டல்லதானே சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். அங்கேயே தரையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போனை எடுத்து, குரூப்ல போடலாம்னு எழுதினேன். ‘அம்சவேணிக்கு இடது மார்பகத்தில்’ வரைக்கும் எழுதிட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு தெரியலை. அரைகுறைச் செய்தி போடறது எனக்குப் பிடிக்காது. அதனால போடலை. அதனாலதான் போடலை, வேற ஒண்ணும் இல்லை.

ரெண்டு மூணு நாள் கழிச்சு அம்சவேணியே பேசினா. குரல் சன்னமா இருந்துச்சு. அட்ரஸைச் சொல்லிட்டு, “வர்றதுன்னா வாங்க. போனை வாசல்ல குடுத்துட்டு உள்ளே வரணும்”னா. பாருங்க சார். ஜெயிலுக்குப் போனாக்கூட உள்ளே இருக்கறவன் போனைத்தான் பிடுங்குவாங்க. பார்க்க வர்றவனுக்கும் இங்க சட்டம்.

போனேன். இன்னிக்குக் காலையில. சுபா கதவைத் திறந்துட்டு, வாங்கன்னுகூடச் சொல்லாம கையை நீட்டறா. நான் வளர்த்த பொண்ணு. குடுத்தேன். அதை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, செருப்பு வைக்கிற அலமாரி மேல வச்சுட்டு, “உள்ளே இருக்காங்க”ன்னா.

அம்சவேணி கட்டில்ல தலகாணிக்குச் சாஞ்சு உக்காந்திருந்தா. இளைச்சுட்டா சார். தோள்ல ஒரு துண்டைப் போட்டு முன்னாடி மூடியிருந்தா. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். அழக்கூடாதுன்னுதான் கோவமாப் பேசினேன்.

“என்கிட்டச் சொல்ல உனக்கு வாய் வரலையா? நான் யாரு உனக்கு?”

“சொல்லலாம்னுதான் வந்தேங்க. ரெண்டு தடவை வந்தேன். மொதல் தடவை நீங்க யாருக்கோ மூட்டுவலி மருந்து அனுப்பிக்கிட்டிருந்தீங்க. அடுத்த தடவை வந்தப்ப, வளர்மதி மருமகளுக்குக் கரு கலைஞ்சதை குரூப்ல எழுதிக்கிட்டிருந்தீங்க. நின்னு பார்த்தேன். திரும்பிப் போயிட்டேன்.”

“அவங்களுக்கு நாலு பேர் ஆறுதல் சொல்லட்டும்னுதானேடி போட்டேன்?”

“அந்தப் பொண்ணு உங்ககிட்டக் கேட்டுச்சா?”

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிக்கிட்டேன்.

“உங்ககிட்டச் சொல்லியிருந்தா இது என் நோயா இருந்திருக்காதுங்க. ஊருக்குச் சேதியாயிருக்கும். இனிமே எவன் என்கிட்டப் பேசினாலும் மூஞ்சியப் பார்க்கறதுக்கு முன்னாடி இங்கதான் பார்ப்பான்.” துண்டு மேல கையை வச்சுக்கிட்டுச் சொன்னா. “நானே இன்னும் பார்த்துக்கலை. சுபாதான் கட்டு மாத்தறா. நான் கண்ணை மூடிக்கறேன்.”

அப்புறம் சொன்னா: “உங்க பக்கத்துலதானே இருந்தேன் இத்தனை நாளும். குடத்தை ஒத்தக் கையில தூக்கினேன். அந்தப் பக்கம் படுக்க முடியாம இந்தப் பக்கமே படுத்தேன். நீங்க என்னைப் பார்க்கலை. போனைத்தான் பார்த்தீங்க.”

இது அநியாயம் சார். நான் பார்த்தேன். அவ குடத்தை ஒத்தக் கையில தூக்கினதை நான் பார்த்தேன். தண்ணியெல்லாம் சிந்துது, ரெண்டு கையாலயும் பிடிச்சாத்தான் என்னன்னு சத்தம்கூடப் போட்டேன். பார்க்கலைன்னு எப்படிச் சொல்லலாம்? பார்த்தேனே.

கை சும்மா இருந்துச்சு எனக்கு. போன் இல்லை. எங்க வைக்கறதுன்னு தெரியலை. இந்த முட்டி மேல வச்சேன், எடுத்து அந்த முட்டி மேல வச்சேன். அவ பார்த்துக்கிட்டே இருந்தா. “அந்தச் சீப்பை எடுங்க. இடது கை மேல தூக்க வரலை. சுபாவுக்கு ஆபீஸ் வேலை இருக்கு, அவளைக் கூப்பிட வேண்டாம். நீங்களே தலை வாரிவிடுங்க”ன்னா.

எனக்கு என்ன தெரியும்? பின்னாடி உக்காந்து வாரினேன். சிக்கு விழுந்து கிடக்கு. இழுத்தா வலிக்குதுங்கறா, இழுக்கலைன்னா சிக்கு போகலை. அடியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணுமாம், அதைக்கூட அவதான் சொல்லிக் குடுத்தா. “மருந்து ஏத்த ஆரம்பிச்சா இது கொட்டிடுமாம்”னா. நான் வாரிக்கிட்டே இருந்தேன். சீப்புல வந்த முடியைக் கீழே போட மனசு வரலை, சட்டைப் பையில வச்சுக்கிட்டேன். சட்டையைத் துவைக்கறப்ப எடுத்துப் போடணும்.

பின்னி முடிச்சதும் தடவிப் பார்த்துட்டுச் சிரிச்சா. கோணையா இருக்காம்.

“நான் இங்கயே இருந்துடறேனே”ன்னு கேட்டேன்.

“இப்ப வேண்டாம். வாரம் ஒரு தடவை வாங்க. இது வெளியே போகாம இருந்தா, பார்க்கலாம்.”

“யார்கிட்டச் சொல்லப் போறேன் நான்?”

அதுக்கு அவ பதிலே சொல்லலை. பதில் சொல்லாம இருக்கறது எவ்வளவு பெரிய திமிரு பாருங்க.

கிளம்பறப்ப வாசல்ல சுபா போனைக் குடுத்தா. ஆன் பண்ணினா கடகடன்னு வருது, குரூப்ல. அண்ணி எங்க, அத்தைக்கு என்ன, என்ன விவரம் அட்மின் சார்னு கிண்டல் வேற. இதுவரைக்கும் நான் ஒரு எழுத்துப் போடலை. காலையிலருந்து இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு மனுஷன்கிட்ட நான் வாயைத் திறக்கலை. திறப்பேனா? எந்த ஆஸ்பத்திரின்னுகூட இப்பத் தெரியும் எனக்கு. சாய்பாபா காலனிக்குள்ள...

இருங்க. வளர்மதி கூப்பிடறா.

“சொல்லு வளரு... பஸ்ல இருக்கேன். சத்தமா இருக்கு... எங்கயா? பழநிக்கு வந்தேன்... ஆமா, சும்மா சாமி கும்புடத்தான்... அண்ணியா? நல்லா இருக்கா. சுபாவுக்குச் சமைச்சுப் போடப் போயிருக்கா... ரிசல்ட்டா? அது என்னமோ ஆபீஸ் பரீட்சையாம். பாஸ் பண்ணிட்டா... ஆமா, நல்லாப் பாஸ் பண்ணிட்டா. குரூப்ல எல்லாம் போடாதே... எதுக்கா? போடாதேன்னா போடாதே! வைய்யி.”

பார்த்தீங்களா? பார்த்தீங்களா சார்? கூடப் பிறந்தவகிட்ட என்னைப் பொய் சொல்ல வச்சுட்டா. பழநிப் பக்கம்கூட இன்னும் பஸ் வரலை. சாமி பேரைச் சொல்லிப் பொய்! இந்த வயசுல எனக்கு இது தேவையா? அவ பேச்சைக் கேட்டு நான்... ஒண்ணுமில்லை, தூசி. ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்க.

என்ன? என்ன கேட்டீங்க?

என் பேரா?

பேர் எதுக்கு சார் உங்களுக்கு? நல்லாயிடுவாங்கன்னு சொன்னீங்க, அது போதும். சும்மா ரெண்டு பேர் பஸ்ல பேசிக்கிட்டு வந்தோம். நான் ஏதோ சொன்னேன், நீங்க ஏதோ கேட்டீங்க. திண்டுக்கல்ல எந்த ஏரியான்னா? அது எதுக்கு? உங்களுக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்களா? எந்தத் தெருவுல? சரி, வேண்டாம், சொல்லாதீங்க. எனக்குத் தெரிய வேண்டாம்.

அந்தப் பேரு... நான் என் சம்சாரம் பேருன்னு ஒண்ணு சொன்னேனே, அது அவ நிஜப் பேரு இல்லை. சும்மா வாயில வந்த பேரு. ஊரும் அது இல்லை. ஆமா சார், அது இல்லை. நீங்க அந்தப் பக்கம் திரும்பித் தூங்குங்க.